ரோமாபுரி ஓட்டலில் 'அவுக' யார்?

செத்துப்போன மனைவியை விசாரிக்கச் சொல்லி அதுவரை யாரும் தங்கலட்சுமியின் மாடிப்படி ஏறியதில்லை.

அருப்புக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நூல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். போலீசில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஏட்டம்மாவாக இருந்தபோதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள். வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறானா, ஏற்கெனவே எங்கேயாவது ஒரு தாலி கட்டியிருக்கிறானா. உதவிக்கு மருதுபாண்டி. நாற்பதைத் தாண்டியவன், முன்னாள் மைக் செட்டுக்காரன். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் மைக் கட்டிக் கட்டி, சுற்றுப்பட்டில் பாதிக் குடும்பங்களின் கதை அவனுக்கு அத்துப்படி. வாய் மட்டும் சும்மா இருக்காது.

அக்டோபர் கடைசி, ஒரு புதன்கிழமை காலை. வந்து உட்கார்ந்தவர் பெயர் யாக்கோபு. பாலவனத்தத்துக்காரர், அறுபத்தாறு வயது. போர் போடுகிற லாரி வைத்திருப்பவர். தண்ணீர் தேடி அவர் துளைக்காத ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை. பனை மரம் மாதிரி நிமிர்ந்த உடம்பு. உட்கார்ந்ததும் கைக்குட்டையில் சுற்றிய ஒரு செல்போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"இது என் வீட்டுக்காரி போனு. பேரு ஞானப்பூ. தை மாசம் தவறிட்டா" என்றார்.

மிச்சத்தை அவர் கோர்வையாகச் சொல்லவில்லை. தங்கலட்சுமிதான் கேட்டுக் கேட்டுக் கோர்த்துக்கொண்டாள். போன வருஷம் அக்டோபரில் புருஷனும் மனைவியும் இத்தாலிக்குத் திருயாத்திரை போனார்கள். இந்த வட்டாரத்துக் கோவில்களிலிருந்து முப்பது பேர், ஒரே பஸ், பத்து நாள். ஞானப்பூ ஐந்து வருஷம் கெஞ்சி, மகளை விட்டுப் பேச வைத்துத்தான் அவரைக் கிளப்பினாள். போய்வந்த மூன்றாவது மாதம் மார் வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அவளுடைய போனை மட்டும் அவர் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். போன வாரம் அது திடீரென்று கூவியது. எடுத்துப் பார்த்தார். ரோம் நகரத்து ஓட்டல் ஒன்றைப் பற்றி ஞானப்பூ எழுதிய கருத்தை ஆயிரம் பேர் படித்துவிட்டார்கள் என்று வாழ்த்துச் செய்தி வந்திருந்தது.

"அவ அப்படி ஒரு ஓட்டலுக்குப் போனதே எனக்குத் தெரியாதும்மா" என்றார் யாக்கோபு.

தங்கலட்சுமி போனை வாங்கிப் படித்தாள். மேப்பில், ஓட்டல் பெயருக்குக் கீழே, ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தது. எழுதியது என்பதை விட, போனிடம் வாயால் சொன்னது. அதனால் பேச்சு பேச்சாகவே விழுந்திருந்தது.

'நாங்க ரெண்டு பேரும் ரோம்ல இந்த ஓட்டலுக்குப் போனோம். வாசல்ல ஒரு மணி நேரம் வரிசை. எனக்குக் கால் வலிக்குமேன்னு அவுக ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டாக. ஜன்னலோரம் இடம் கெடச்சது. பாஸ்தாங்கறது நம்ம சேமியா மாதிரிதான், ஆனா தடிசு. மேல சீஸும் மிளகும் மட்டும். பரிமாறுன தம்பி ரொம்ப மரியாதை. பக்கத்து மேஜை வெள்ளைக்கார அக்கா எப்படி முள்கரண்டியில சுத்தணும்னு சொல்லிக் குடுத்தாக. அவுக மிளகு தூக்கலா நல்லாருக்குன்னு என் தட்டுலயும் எடுத்துச் சாப்பிட்டாக. ஒரு இத்தாலிக்கார அண்ணன் பெட்டி வாசிச்சுப் பாடுனாரு. அவுக மேஜையில தாளம் போட்டாக. திரும்பி வாரப்ப ரோட்டைத் தாண்ட என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. ரோம் போனா எல்லாரும் கட்டாயம் போங்க.'

"நீங்க போகலையா?" என்றாள் தங்கலட்சுமி.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அன்று மாலை எல்லோரையும் இஷ்டப்படி சுற்றிப் பார்க்க விட்டிருந்தார்கள். ஞானப்பூ, பொம்பளைகள் சேர்ந்து ஜெபமாலை சொல்ல ஒரு கோவிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர், கூட வந்த சமையல்காரர் கொடுத்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அறையிலேயே படுத்துக்கொண்டார். கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. ஒன்பது மணி வாக்கில் வந்தாள். எப்படி இருந்தது என்று இவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துனவ. கையைப் பிடிச்சுக்கிட்டாகன்னு எழுதிருக்கா. எவன் பிடிச்சான்?"

மருதுபாண்டி வாயைத் திறந்தான். தங்கலட்சுமி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

சந்தேகப்படுகிற ஆளின் பெயரையும் யாக்கோபு கையோடு கொண்டுவந்திருந்தார். பரளச்சிப் பக்கம் சூசைமாணிக்கம், மனைவியை இழந்தவர், கோவிலில் பாட்டுக் குழு நடத்துபவர். பஸ்ஸில் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தவர் அவர்தான், முன் சீட்டில் தாளம் போட்டவரும் அவர்தான். ஞானப்பூ அவர் பாட்டை ஒருநாள் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். நேரே போய் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன், மகள் தடுத்துவிட்டாள் என்றார். வருகிற திங்கள் கல்லறைத் திருநாள். ஊரில் எல்லோரும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். இவர் மட்டும் கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மனைவியைப் புதைத்தபோது பக்கத்திலேயே தனக்கும் இடம் விட்டுக் கட்டியிருந்தாராம்.

"அந்தப் பாதியில படுக்க இப்ப எனக்கு இஷ்டமில்ல. திங்கக்கிழமைக்குள்ள சொல்லிருங்க. யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

எழுந்து போகும்போது படிக்கட்டில் அவருக்குக் கைப்பிடி தேவைப்பட்டது. வந்தபோது தேவைப்படவில்லை.

*

மருதுபாண்டியின் பைக் பரளச்சி ரோட்டில் போனது. முந்தின வாரம் ஒரு மழை விழுந்திருந்ததால் கரிசல் காடு கறுத்துக் கிடந்தது. அங்கங்கே டிராக்டர்கள் உழுதுகொண்டிருந்தன. கருவேல மரங்களுக்கு மட்டும் எந்த மழையும் ஒரு பொருட்டில்லை.

"ஒரு தட்டு சேமியாவுக்கு ஒரு மணி நேரம் வரிசையா? நம்மூர்ல மண்ணெண்ணெய்க்குத்தான்க்கா அப்படி நின்னிருக்கோம்" என்றான் மருது. ஓட்டலின் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. 'ரோமாபுரி மெஸ்' என்று அவனே பெயர் வைத்துவிட்டான்.

தங்கலட்சுமி பின்சீட்டில் உட்கார்ந்து, அந்தக் கருத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தாள். முதல் தடவை படித்தபோதே அதில் ஒன்று உறுத்தியது. அது என்ன என்று அவளுக்குத் தெரிந்தும் இருந்தது. ஆனால் யாக்கோபு கட்டிலை விட்டே இறங்கவில்லை என்று சத்தியம் செய்கிறாரே. அதனால் அந்தப் பேச்சை இன்னும் மருதுவிடம் எடுக்கவில்லை.

சூசைமாணிக்கம் தன் காட்டில் கொத்தமல்லி விதைத்துக்கொண்டிருந்தார். எழுபது இருக்கும். விஷயத்தை நேரடியாகக் கேட்கத் தங்கலட்சுமிக்கு மனசு வரவில்லை. திருயாத்திரை போக ஒரு குடும்பம் விசாரிக்கிறது, சாப்பாடெல்லாம் எப்படி என்று சுற்றி வளைத்தாள். ரோமில் பாஸ்தா சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் அவர் மடியிலிருந்த விதையைக் கீழே கொட்டிவிடும் அளவுக்குச் சிரித்தார்.

"பாஸ்தாவா? எனக்கு ரோம்ல பல்லே இல்லையேம்மா."

ரோம் வருவதற்கு முந்தின நாள், அசிசி நகரத்தில் கை கழுவுகிற இடத்தில் பல்செட்டைக் கழற்றி வைத்தவர் மறந்துவிட்டார். பஸ் ரோமுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. அதன் பிறகு ஊர் திரும்பும் வரை காப்பியில் ரொட்டியை நனைத்துத்தான் உயிர் பிடித்தார். முப்பது பேருக்கும் தெரிந்த கதை; யாக்கோபுக்குக் கோபத்தில் அது மறந்துபோயிருக்கிறது. பாட்டும் அன்றோடு நின்றுபோனது. பல் இல்லாமல் பாடினால் 'ஆண்டவரே' என்பது 'ஆந்தவரே' என்று வருகிறது என்று பஸ்ஸே சிரித்ததாம்.

ரோமில் இஷ்டப்படி சுற்ற விட்ட மாலை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அறையில் படுத்திருந்தேன் என்றார். அந்த மாலை ஊரைச் சுற்றியது யார் என்றால் ஹெப்சிபா ஒருத்திதான், திருச்சுழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பெண், பார்த்த தூணையெல்லாம் படம் எடுத்தாள் என்றார். விடைபெறும்போது அவராகவே ஒன்று சொன்னார். ஞானப்பூ போன செய்தி கேட்டு பாலவனத்தம் போனாராம். யாக்கோபு அன்று யார் முகத்தையும் பார்க்கவில்லை, குழிக்குள் இறங்கித் தானே மண்ணைச் சமன் செய்தாராம்.

பைக்கைக் கிளப்பும்போது மருது சொன்னான்: "பல்லு இல்லாத மனுசன் மேல பழி போட்டா, பாவம், திருப்பிக் கடிக்கக்கூட மாட்டாரேக்கா."

*

திருச்சுழியில் ஹெப்சிபாவின் கடையில் கூட்டமில்லை. முப்பது வயதுக்காரி, துறுதுறுப்பானவள். ரோம் என்று சொன்னதுமே கம்ப்யூட்டரைத் தங்கலட்சுமி பக்கம் திருப்பிவிட்டாள். மொத்தம் இரண்டாயிரத்து முந்நூறு படம். இதில் முக்கால்வாசி புறா என்றான் மருது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

ஞானப்பூ ஆன்ட்டியை ஏதாவது படத்தில் பார்க்க முடியுமா என்று தங்கலட்சுமி கேட்டாள். ஹெப்சிபாவின் முகம் சற்று வாடியது. ஆன்ட்டி நல்ல மனுஷி, பஸ்ஸில் எனக்கு வாந்தி வந்தபோது முதுகைத் தடவிக்கொண்டே வந்தவர் என்றாள். பிறகு ஒரு படத்தைத் தேடி எடுத்தாள்.

ஒரு சின்னத் தெரு. கல் பாவிய தரை. விளக்கு போட்ட ஓட்டல் வாசலில் நீண்ட வரிசை. முன்னால் ஹெப்சிபா தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் அது. அவள் தோளுக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே, ஊதா நிறப் பட்டுச்சேலையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக ஞானப்பூ. மேஜையில் இரண்டு தட்டு. எதிரே ஒரு நாற்காலி. அதன் முதுகில் ஆண்பிள்ளை ஸ்வெட்டர் ஒன்று, பழுப்பு நிறத்தில், தோள் இரண்டும் சரியாக விரியும்படி மாட்டியிருந்தது.

ஆளைக் காணோம்.

"பாத்ரூமுக்குப் போயிருப்பான்" என்று மருது முணுமுணுத்தான்.

தங்கலட்சுமி அடுத்தடுத்த படங்களைத் தள்ளச் சொன்னாள். ஒரு நீரூற்று, ஒரு பாலம், எண்ணற்ற புறா. பிறகு அதே ஓட்டல் மறுபடி வந்தது. அறைக்குத் திரும்பும் வழியில் எடுத்தது என்றாள் ஹெப்சிபா. முதல் படம் ஏழு பன்னிரண்டுக்கு எடுத்தது, இது எட்டு நாலுக்கு. ஞானப்பூவின் தட்டு பாதி காலியாகியிருந்தது. எதிர்த் தட்டில் பாஸ்தா வைத்தது வைத்தபடி. முள்கரண்டிகூடத் திரும்பவில்லை. ஸ்வெட்டரும் அதே இடத்தில்.

"அம்பத்திரண்டு நிமிஷம் பாத்ரூம்லயே இருந்தா, அது ஆளு இல்லக்கா, பிளம்பரு" என்றான் மருது. சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அன்று கண்ணாடியைத் தட்டினாயா என்று தங்கலட்சுமி கேட்டாள். முதல் தடவை போனபோது தட்டினேன் என்றாள் ஹெப்சிபா. ஆன்ட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்து, எதிர் நாற்காலியைக் காட்டி, உள்பக்கம் கையைக் காட்டினாள். அங்கிள் கை கழுவப் போயிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு இவள் நடந்துவிட்டாள்.

"யாக்கோபு அங்கிள் வரவே மாட்டேன்னுதான் பகல்ல சொன்னாக. பெறகு மனசு மாறிக் கூட்டிட்டு வந்துட்டாகன்னு எனக்கு சந்தோசமாயிருந்துச்சு" என்றாள்.

தங்கலட்சுமி மெதுவாக நிமிர்ந்தாள். பகலில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

பஸ் அந்தத் தெரு முனையைத் தாண்டும்போது, கூட வந்த வழிகாட்டி இந்த ஓட்டலைக் காட்டினார். ரோமுக்கு வருகிற டூரிஸ்டுகள் இங்கே சாப்பிடாமல் போகமாட்டார்கள் என்றார். ஞானப்பூ புருஷனிடம் திரும்பி, இன்றைக்கு ராத்திரி நாம் ரெண்டு பேர் மட்டும் வருவோமா என்று கேட்டாள். சேமியா திங்கவா கடல் தாண்டி வந்தோம் என்று அவர் சத்தமாகச் சொன்னார். பஸ்ஸே சிரித்தது. ஞானப்பூவும் சேர்ந்து சிரித்தாள். ஹெப்சிபா பக்கத்து வரிசையில் இருந்தாள். சிரித்து முடித்த பிறகு ஆன்ட்டி ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள் என்றாள்.

"மறுநாள் காலைல எல்லாரும் சேந்து எடுத்த படம் இருக்கா?" என்றாள் தங்கலட்சுமி.

இருந்தது. பெரிய கோவில் முற்றத்தில் முப்பது பேர். கடைசி வரிசையில் யாக்கோபு. பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார். தங்கலட்சுமி அந்தப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். மேலிருந்து இரண்டாவது பித்தான் இல்லை, அந்த இடத்தில் ஒரு ஊக்கு. ஓட்டல் படத்தையும் பெரிதாக்கச் சொன்னாள். நாற்காலி முதுகில் தொங்கிய ஸ்வெட்டரின் முன்பக்கம் மேஜைப் பக்கமாகத் திரும்பி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு புள்ளி மினுங்கியது. இரண்டாவது பித்தான் இருக்க வேண்டிய இடம்.

ஹெப்சிபா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விட்டாள்.

*

திருச்சுழி தாண்டி ஒரு டீக்கடையில் மருது பைக்கை நிறுத்தினான்.

தங்கலட்சுமிதான் ஆரம்பித்தாள். காலையிலேயே பொறி தட்டியது என்றாள். ஞானப்பூ அந்தக் கருத்தில் யாரையும் முறை வைக்காமல் குறிப்பிடவே இல்லை. பரிமாறியவனுக்குத் தம்பி, பாடினவருக்கு அண்ணன், முன்பின் தெரியாத வெள்ளைக்காரிக்கு அக்கா. வேற்று ஆம்பளை கூட வந்திருந்தால் அவருக்கும் ஒரு முறையோ பெயரோ கட்டாயம் விழுந்திருக்கும்.

"முறையும் இல்லாம பேரும் இல்லாம, மொட்டையா 'அவுக'ன்னா நம்ம பக்கத்துல ஒரு பொம்பளைக்கு ஒரே ஒரு ஆளுதானலே" என்றாள்.

மருது டீ கிளாசைக் கீழே வைத்தான். அப்படியென்றால் நாற்காலி வாங்கிப் போட்டது, தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டது, ரோட்டில் கையைப் பிடித்தது என்று கேட்டான். எதுவும் நடக்கவில்லை என்றாள் தங்கலட்சுமி, ரோட்டைப் பார்த்தபடி. ஒருத்தி பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, புருஷனின் ஸ்வெட்டரைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பொய் சொல்லிக் கிளம்புகிறாள். பாஷை தெரியாத ஊரில் ஒரு மணி நேரம் தனியாக வரிசையில் நிற்கிறாள். இரண்டு பேர் என்று விரலைக் காட்டுகிறாள். இரண்டு தட்டு சொல்கிறாள். திரும்பும் வழியில் வண்டிகள் சீறிப் பாய்கிற ரோட்டைத் தனியாகத் தாண்டுகிறாள். பிறகு எப்போதோ, இந்த ஊரில் வீட்டில் உட்கார்ந்து, அந்த மாலை எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படிப் போனிடம் சொல்கிறாள். புருஷன் படிக்கவே மாட்டார் என்று தெரிந்த ஒரு இடத்தில்.

மருது இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றான். எவனோ ஒரு தூரத்துச் சொந்தக்காரன் ரோமில் வேலை பார்க்கிறான், அண்ணன் முறை, அவன் கூட்டிக்கொண்டு போனான் என்று முடித்துவிடுவோம். மனுஷன் நிம்மதியாகக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும்.

"கள்ளப் புருசன்னா கோவத்துல பொழச்சுக்குவாருக்கா. இது கோவப்படக்கூட ஆளில்லாத விஷயம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தங்கலட்சுமி அதை நன்றாக யோசித்தாள். போலீசில் இருந்த காலத்தில் எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டிக் கெட்ட சேதி சொன்னவள் அவள். ஆனால் பொய் சொன்னால், கையைப் பிடித்த எவனோ ஒருத்தன் யாக்கோபின் மனசில் என்றைக்கும் இருப்பான். செத்தவளுக்கு அதைச் செய்ய அவளுக்கு உரிமையில்லை. ஞானப்பூ எழுதிய ஒவ்வொரு வரியும் அவருக்காக எழுதியது. அது அவரிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

"வண்டியை எடு" என்றாள்.

*

பாலவனத்தம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. வீட்டு முன்னால் போர் லாரி சேறு காயாமல் நின்றது. யாக்கோபு நாற்காலியை வாசலில் போட்டு, ரோட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து உள்ளே போனார். அவர்களும் பின்னால் போனார்கள்.

"சூசைமாணிக்கந்தானே?" என்றார்.

இல்லை என்றாள் தங்கலட்சுமி. யாருமே இல்லை என்றாள். அவர் கண் சுருங்கியது. காசு வாங்கிக்கொண்டு யாரையோ காப்பாற்றுகிறீர்கள் என்று குரலை உயர்த்தினார். அவள் மறுத்துப் பேசாமல், ஹெப்சிபா பிரிண்ட் போட்டுக் கொடுத்த மூன்று படங்களை மேஜையில் வரிசையாக வைத்தாள். எந்தப் படம் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் சொன்னாள். பிறகு ஊக்கின் மேல் விரலை வைத்தாள்.

யாக்கோபு குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கடைசியில் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கையால் துழாவி உட்கார்ந்தார்.

ரோமில் நடந்ததை அவரே சொன்னார். மறுநாள் காலையில் அந்த ஸ்வெட்டரைப் போட்டபோது ஒரு புளிச்ச வாடை அடித்ததாம். எங்கே கொண்டு போட்டாய் என்று பஸ்ஸுக்குள் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினாராம். ஊருக்கு வந்தால் துவைத்துத் தருகிறேன் என்று அவள் சொன்னாளாம். அவ்வளவுதான் சொன்னாளாம்.

"ரெண்டு பேருன்னு சொல்லித்தான் இடம் வாங்கிருக்கா" என்றார், படத்தைப் பார்த்தபடியே.

தங்கலட்சுமி ஆமாம் என்றாள்.

"பூ எங்க வாங்குனா அந்த ஊர்ல?"

துணிப் பூவாக இருக்கும் அண்ணாச்சி, ஊரிலிருந்தே கொண்டுபோயிருப்பாள் என்றாள் அவள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தையாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல இருந்தது. பிறகு மனைவியின் போனை எடுத்து அந்தக் கருத்தை மறுபடி படித்தார். இந்தத் தடவை உதடு அசைய, ஒவ்வொரு 'அவுக'விலும் நின்று நின்று படித்தார். கையைப் பிடித்துக்கொண்டாக என்ற இடம் வந்ததும் அதற்கு மேல் போகவில்லை.

மருது வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"நான் முப்பத்தெட்டு வருசத்துல அவ கையைப் பிடிச்சு ரோடு தாண்டுனதில்லம்மா" என்றார் யாக்கோபு. "முன்னால நடப்பேன். வாரியான்னு கேப்பேன். வாரேன்னு சொல்லுவா."

வெளியே விருதுநகர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"சூசைமாணிக்கம் கூடப் போயிருந்தாக்கூடத் தேவல. தனியால்ல உக்காந்து தின்னிருக்கா."

தங்கலட்சுமி அவர் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி, படங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்தார். தன்னுடைய போனில் கொத்தனாரைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் சுண்ணாம்போடு வரச் சொன்னார். முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். பாத்திரம் உருளுகிற சத்தமும், எதையோ தேடித் தேடித் திறந்து மூடுகிற சத்தமும் கேட்டன. தங்கலட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போய்விடலாமா என்று மருது கண்ணால் கேட்டான்.

அடுப்படிக் கதவருகே யாக்கோபு வந்து நின்றார். கையில் மூன்று தட்டு இருந்தது.

"சோறும் பருப்பும்தான் இருக்கு. உப்பு சரியா வராது எனக்கு" என்றார். "உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க ரெண்டு பேரும்."

மணி ஆறுகூட ஆகவில்லை. சாப்பிடுகிற நேரமே இல்லை. தங்கலட்சுமி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மருதுபாண்டியும் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.